லண்டனா, பாரிஸா, ரைன் கரையா: வேதியியல் வரலாற்றுக்கு ஒரு குறும்பயணப் பாடம்

மூன்றாம் ஆண்டு பி.எஸ்சி. வேதியியல் மாணவர்கள் பதினைந்து பேர், கூடப் போக ஆசிரியர்கள் இரண்டு பேர், கையில் இரண்டு வாரம். வேதியியலின் வரலாற்றை அது நடந்த இடத்திலேயே வைத்துப் பாடமாக நடத்த வேண்டும், முடிவில் இரண்டு கிரெடிட்டும் தர வேண்டும். எங்கே அழைத்துப்போவது? இப்படி ஒரு திட்டம் பேச்சுக்கு வந்ததும் முதலில் விழும் பெயர் லண்டன், அடுத்தது பாரிஸ். ஜெர்மனி என்று யாராவது இழுத்தால் "பெர்லினா?" என்று கேட்பார்கள். பெர்லின் இல்லை. வடக்கே கீஸனில் தொடங்கி ஃபிராங்க்பர்ட், ஹைடல்பெர்க், லுட்விக்ஸ்ஹாஃபன் வழியாகக் கார்ல்ஸ்ரூஹே வரை ஒரு கோடு போட்டால் சுமார் 200 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். என் ஓட்டு அந்தக் கோட்டுக்கு, கடைசியில் மூன்று நாள் பாரிஸோடு. ஆனால் லண்டன் கட்சியின் வாதம் லேசுப்பட்டதல்ல, அதை முதலில் கேட்டுவிடுவோம்.

அதற்கும் முன்னால், எதை வைத்து ஒப்பிடுவது என்று ஒரு வார்த்தை. இந்த மாதிரிப் பயணங்களைக் கெடுப்பது சுவரில் பதித்த நினைவுப் பலகைகள்தான். "இன்னார் இங்கே வாழ்ந்தார்" என்று ஒரு பலகை, எதிரே நின்று பதினைந்து செல்ஃபி, ஐந்தாவது நிமிடம் எல்லோருக்கும் பசி. மான்செஸ்டரில் டால்டனுக்குச் சிலை உண்டு, தெருவுக்குப் பெயர் உண்டு. ஆனால் இலக்கிய தத்துவக் கழகத்தின் கட்டடத்தில் பாதுகாத்து வைத்திருந்த அவருடைய காகிதங்களில் பெரும்பகுதி 1940 டிசம்பர் குண்டுவீச்சில் எரிந்துபோயின. கியூரி தம்பதியர் ரேடியத்தைப் பிரித்தெடுத்த கொட்டகை பாரிஸில் இன்று இல்லை. பெர்கின் 1856இல், தம் பதினெட்டாவது வயதில், மோவ் சாயத்தைக் கண்டுபிடித்த கிழக்கு லண்டன் வீடும் பலகையாகிவிட்டது. ஆகவே ஓர் ஊரை எடைபோடும்போது அங்கே யார் பிறந்தார் என்பதை நான் பார்ப்பதில்லை. பொருள் மிச்சமிருக்கிறதா, பதினைந்து பேர் அதைச் சுற்றி நின்று பார்க்க முடியுமா, பார்த்ததும் பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு கேள்வி எழுமா என்றுதான் பார்க்கிறேன்.

லண்டனுக்கு முதல் பலம் மொழி. மாணவர்கள் ஃபாரடேயின் கையெழுத்தைத் தாங்களே படிப்பார்கள், காட்சிப்பெட்டியில் ஒட்டியிருக்கும் குறிப்புக்கு மொழிபெயர்ப்பு ஆப் தேவைப்படாது. வழிகாட்டியிடம் குறுக்குக் கேள்வி கேட்கலாம். வரலாற்றுப் பாடத்தில் இது பாதிப் பாடம். இரண்டாவது பலம் ஆல்பமார்ல் தெருவில் 21ஆம் எண் கட்டடம். 1799இல் தொடங்கிய ராயல் இன்ஸ்டிடியூஷன் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. டேவி 1807இல் மின்கல அடுக்கை வைத்துப் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தது இங்கே. அடுத்த ஆண்டே கால்சியம், பேரியம், ஸ்ட்ரான்சியம், மக்னீசியம். ஃபாரடே 1825இல் பென்சீனைப் பிரித்ததும் இங்கேதான். கீழ்த்தளத்தில் அவர் வேலை செய்த அறையும் கருவிகளும் இருக்கின்றன, மேலே அந்தப் புகழ்பெற்ற விரிவுரை அரங்கு. பணம் கட்டி உட்கார்ந்து ரசாயனத்தை வேடிக்கை பார்க்கும் கூட்டம் ஒன்று இருந்தது, அந்தக் கூட்டத்தின் காசில்தான் ஆய்வகம் ஓடியது என்பதை அந்தச் சரிவான இருக்கைகளில் உட்கார்ந்தால் சொல்லாமலே புரிந்துகொள்ளலாம்.

லண்டனை மையமாக வைத்துக்கொண்டால் ஒருநாள் பயணங்களும் வளமாக அமையும். ஆக்ஸ்ஃபோர்டுக்கு ரயிலில் ஒரு மணி நேரம். பிராட் தெருவில் 1683இல் திறந்த பழைய ஆஷ்மோலியன் கட்டடம் இன்று அறிவியல் வரலாற்று அருங்காட்சியகம். திறந்த காலத்தில் அதன் நிலவறையில் வேதியியல் கூடம் நடந்தது. (மாணவர்கள் என்னவோ 1931இல் ஐன்ஸ்டைன் எழுதிய கரும்பலகைக்கு முன்னால்தான் கும்பலாக நிற்பார்கள், தடுக்க முடியாது.) வில்ட்ஷயரில் போவுட் மாளிகை: 1774 ஆகஸ்ட் 1ஆம் தேதி பிரீஸ்ட்லி பாதரசச் சுண்ணத்தைக் குவிலென்ஸால் சூடேற்றி, பின்னாளில் ஆக்சிஜன் என்று பெயர் வாங்கிய காற்றைப் பிடித்த அறை அங்கே இருக்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ராம்சே 1895இல் ஹீலியத்தைப் பூமியில் முதன்முதலாகப் பிரித்தார். அதன் மஞ்சள் கோடு சூரியனில் தெரிந்த கதைக்குச் சென்னை மாகாணத்தோடும் ஒரு தொடர்பு உண்டு. 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தைப் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் குண்டூரில் இருந்துதான் நிறமாலைமானியில் பார்த்தார். தொழில்துறைப் பக்கத்துக்கு வடமேற்கே விட்னெஸ் போகலாம். லெப்ளாங்க் முறையில் சோடா உப்பு செய்த ஆலைகள் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகையை ஊர்மேல் விட்டதும், அதைத் தடுக்க 1863இல் காரச் சட்டம் வந்ததும் சுற்றுச்சூழல் பாடத்துக்கு நல்ல தொடக்கம்.

இவ்வளவு இருந்தும் நான் தயங்குவதற்குக் காரணம் லண்டன் சொல்லிக்கொடுக்கும் கதை. அது தனிமனிதர்களின் கதை. புத்தகக் கட்டும் கடையில் வேலை பார்த்த பையன் ஃபாரடே, கம்பளி நெய்பவர் வீட்டில் பிறந்த பிரீஸ்ட்லி, வீட்டிலேயே சோதனை செய்த பெர்கின். அழகான கதைகள்தான், எங்கள் மாணவர்களுக்குப் பள்ளியிலேயே தெரிந்த கதைகளும்கூட. இருபது பேர் ஒரே மாதிரி மேசையில், ஒரே மாதிரி பாட்டில் வரிசைக்கு முன்னால் நின்று, தெரியாத உப்பை ஆராய்ந்து ரெக்கார்டு எழுதும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு லண்டனில் நேரடிப் பதில் கிடைக்காது. பெர்கினுடைய ஆசிரியர் ஹாஃப்மன் அந்தப் பழக்கத்தை லண்டனுக்குக் கொண்டுவந்தவர். அவர் பிறந்து, படித்து, அதைக் கற்றுக்கொண்ட ஊர் கீஸன்.

பாரிஸைப் பார்ப்போம். ரேயோமூர் தெருவில், முன்பு மடாலயமாக இருந்த கட்டடத்தில், கலை தொழில் அருங்காட்சியகம் இருக்கிறது. லவாசியேவின் ஆய்வகக் கருவிகள் அங்கே வரிசையாக நிற்கின்றன: தராசுகள், பனிக்கட்டிக் கலோரிமானி, பித்தளையில் செய்த வாயுமானிகள். இந்த வாயுமானிகளுக்கு முன்னால் குறைந்தது ஒரு மணி நேரம் நிற்க வைக்க வேண்டும் என்பேன். படத்தில் பார்க்கும்போது ஏதோ தொட்டியும் சங்கிலியும் போலத் தெரிவது, நேரில் கோயில் தராசு அளவுக்குப் பெரிய, நகைவேலை நேர்த்தியோடு செய்த எந்திரம். தண்ணீர் தனிமம் அல்ல, இரண்டு வாயுக்கள் சேர்ந்தது என்று நிறுவ, உள்ளே போகும் வாயுவின் அளவைத் துல்லியமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு இந்த எந்திரம், இதைச் செய்ய நாட்டின் சிறந்த கருவிக் கைவினைஞர்கள், அவர்களுக்குக் கொடுக்கப் பெரும் பணம். பணம் எங்கிருந்து வந்தது? லவாசியே அரசருக்காக வரி வசூலிக்கும் குத்தகைக் கூட்டத்தில் பங்குதாரர். 1794 மே 8ஆம் தேதி அவர் தலையும் மாமனார் தலையும் ஒரே நாளில் உருண்டது அந்தப் பங்குக்காகத்தான். ஒரு தராசிலிருந்து வரி வரைக்கும், வரியிலிருந்து கில்லட்டின் வரைக்கும் மாணவர்களே கோடு இழுத்துக்கொள்வார்கள். இந்த மாதிரி பாடம் பிரீஸ்ட்லியின் அறையில் கிடைக்காது.

கூடவே மரி ஆன் போல்ஸ். லவாசியேவின் 1789ஆம் ஆண்டுப் பாடநூலுக்குக் கருவிப் படங்களை வரைந்து செதுக்கியவர் அவர் மனைவி. மாணவர்கள் அந்தப் படங்களை அச்செடுத்துக்கொண்டு போய், எதிரே நிற்கும் கருவியோடு ஒப்பிட்டால் நல்ல பயிற்சி. தாவீது வரைந்த தம்பதியர் ஓவியத்தை மட்டும் லூவ்ரில் தேடாதீர்கள், அது நியூயார்க்கில் இருக்கிறது.

அப்புறம் கியூரி அருங்காட்சியகம். மரி கியூரி கடைசிவரை வேலை செய்த ரேடியம் நிறுவனத்தின் தரைத்தளம். அவருடைய அலுவலகமும் ஆய்வகமும் கதிரியக்கம் நீக்கப்பட்டு அப்படியே காட்சிக்கு இருக்கின்றன. சின்ன இடம், கட்டணம் இல்லை, ஆனால் வாரத்தில் சில நாள், அதுவும் பிற்பகலில்தான் திறப்பார்கள். குழுவாகப் போனால் முன்பே எழுதிக் கேட்டுவிட வேண்டும். நடந்து போகும் தூரத்தில், பிரான்ஸின் பெருமக்களை அடக்கம் செய்யும் பாந்தியோன், 1995இலிருந்து கியூரி தம்பதியர் அங்கே இருக்கிறார்கள். இன்னொரு பக்கம் தாவரவியல் தோட்டம், 1896இல் பெக்கெரல் கதிரியக்கத்தைக் கண்ட இடம். கொஞ்சம் நடந்தால் கோபெலான் நெசவுக்கூடம், ஷெவ்ரெல் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த இடம். பக்கத்து நூலின் நிறம் மாறினால் இந்த நூலின் நிறமே வேறாகத் தெரியும் என்று அவர் கண்டுபிடித்தது வாடிக்கையாளர்கள் கறுப்புச் சாயத்தைக் குறை சொன்னதை ஆராயப் போய்த்தான்.

பாரிஸின் குறை, எல்லாம் பிரெஞ்சில் இருப்பது. அதைவிடப் பெரிய குறை, இரண்டு வாரத்துக்கு அது தாங்காது. முதல் நான்கு நாளில் வேதியியல் தீர்ந்து, ஐந்தாம் நாள் ஈஃபில் கோபுரத்தில் செதுக்கிய 72 பெயர்களில் வேதியியலாளர்களைத் தேடுவதை வீட்டுப்பாடமாகக் கொடுக்க வேண்டிவரும். லவாசியே, கே-லூசாக், ஷெவ்ரெல் என்று நிறையப் பேர் கிடைப்பார்கள். அது போதாது.

ஸ்வீடனை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். ஸ்டாக்ஹோம் பக்கத்துத் தீவில் உள்ள இட்டர்பி சுரங்கத்தின் பெயரில் நான்கு தனிமங்கள்: இட்ரியம், இட்டெர்பியம், டெர்பியம், எர்பியம். தனிம அட்டவணையில் ஆசை உள்ளவர்களுக்குப் புண்ணியத்தலம். போய் நின்றால் மூடிய சுரங்கத்தின் பாறைச் சரிவும் ஒரு தகடும். ஷீலே, பெர்சீலியஸ், நோபல் அருங்காட்சியகம் என்று கூட்டிப் பார்த்தாலும், செலவுக்கு ஏற்ற பாடம் கிடைக்காது. ஒருவர் தனியாகப் போகலாம்.

இப்போது ரைன் பக்கம். ஃபிராங்க்பர்ட்டில் விமானம் இறங்கி, ரயிலில் ஒரு மணிக்கும் குறைவான நேரத்தில் கீஸன். வேதியியலாளர் லீபிக் 1824இல், இருபத்தோரு வயதில், பேராசிரியராக வந்து சேர்ந்து 1852 வரை வேலை செய்த கட்டடம் ராணுவக் காவல் வீரர்களுக்காகக் கட்டப்பட்டது. 1920இலிருந்து அருங்காட்சியகம். இரண்டாம் உலகப் போரில் கீஸன் நகரமே பெரும்பாலும் அழிந்தும் இது தப்பியது. பழைய ஆய்வகத்தில் நடுவில் அடுப்பு, ஓரத்தில் வேலை மேசைகள். அப்புறம் 1839இல் சேர்த்த பகுப்பாய்வுக் கூடம். சுவரோரம் மேசைகள், நடுவே மேசைகள், பாட்டில் அடுக்கு, கண்ணாடிக் கதவு போட்ட புகைக்கூண்டுகள். உள்ளே நுழைந்தவுடன் நம் மாணவன் சொல்லப்போவது எனக்கு இப்போதே காதில் விழுகிறது: "சார், இது நம்ம லேப்."

அந்தக் கூடத்தில் ஒரு பொருளை மட்டும் அரைநாள் பார்க்கலாம். முக்கோணமாக வளைத்த கண்ணாடிக் குழாய், அதில் ஐந்து குமிழ்கள். 1831இல் லீபிக் செய்த காரக்குமிழ்க் கருவி. குமிழ்களுக்குள் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல். கரிமப்பொருளை எரித்தால் வரும் நீராவியை முன்னால் இருக்கும் கால்சியம் குளோரைடு குழாய் பிடித்துக்கொள்ளும், கார்பன் டை ஆக்சைடை இந்தக் குமிழ்கள் பிடித்துக்கொள்ளும். எரிப்பதற்கு முன் ஒரு எடை, பின் ஒரு எடை. கூடிய எடையிலிருந்து கார்பன் எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடலாம். அதுவரை வாயுவின் கன அளவைப் பாதரசத்தின் மேல் அளந்து திண்டாடினார்கள், கைதேர்ந்தவர்களால் மட்டுமே முடிந்த வேலை. இந்தக் கண்ணாடித் துண்டு வந்தபின், நிதானமான கையுள்ள எந்த மாணவனும் பகுப்பாய்வு செய்யலாம் என்றாகிவிட்டது. செய்யலாம் என்றானதும் நிறையப் பேரைச் சேர்க்கலாம், ஆளுக்கொரு பொருளைக் கொடுத்து ஆராயச் சொல்லலாம், முடிவுகளைத் தாம் நடத்தும் இதழிலேயே அச்சிடலாம். லீபிக் அதைத்தான் செய்தார். ஹாஃப்மன், கெக்குலே, வூர்ட்ஸ் எல்லோரும் இங்கே வந்து போனவர்கள். அமெரிக்க வேதியியல் சங்கத்தின் சின்னத்தில் இந்த ஐந்து குமிழ்களும் இன்னும் இருக்கின்றன. ஆய்வு மாணவர், வழிகாட்டி, ஆராய்ச்சிக் குழு என்று நாம் இயல்பாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு ஒரு கண்ணாடி ஊதும் வேலையைச் சார்ந்து எழுந்தது என்பதை மாணவர்கள் அந்தக் குமிழை வரைந்துகொண்டே புரிந்துகொள்ள வேண்டும். கீஸனுக்கு முழுதாக மூன்று நாள் ஒதுக்குவேன்.

அடுத்து ஹைடல்பெர்க். ஊரே அழகு, அதுதான் ஆபத்து. கோட்டையையும் பாலத்தையும் பார்த்து இரண்டு நாள் ஓடிவிடும். கோட்டைக்குள்ளேயே மருந்தக அருங்காட்சியகம் இருப்பது நல்லதாயிற்று, கோட்டைச் சீட்டிலேயே அதையும் பார்த்துவிடலாம். வேதியியல் காரணம் புன்சனும் கிர்க்காஃபும். சால்ட் அனாலிசிஸில் சுடர்ச் சோதனை போட்டு ஸ்ட்ரான்சியத்துக்குக் கருஞ்சிவப்பு, பேரியத்துக்குப் பச்சை என்று எழுதும் மாணவருக்கு, அந்த நிறத்தை முப்பட்டகம் வழியாகப் பார்த்தால் என்ன ஆகும் என்று அவர்கள் கேட்டது 1859இல். கல்லூரியிலிருந்து கிளம்புவதற்கு முன்பே, ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கீற்றணித் தாளும் அட்டைப்பெட்டியும் வைத்து நிறமாலைமானி செய்யச் சொல்லிவிட வேண்டும். பக்கத்து பாட் டுர்க்ஹைம் ஊரின் கனிமநீரில் யாரும் பார்க்காத இரண்டு நீலக் கோடுகள் தெரிந்தன. அவற்றுக்குரிய உப்பைக் கையில் எடுக்கப் புன்சன் சுமார் 44,000 லிட்டர் நீரை வற்றவைத்தார். கிடைத்தது சில கிராம். அதுதான் சீசியம். அந்த ஊர் இன்றும் கனிமநீர் ஊர்தான், ரயிலில் போய் ஒரு வாய் குடித்துப் பார்க்கலாம், உப்புக் கரிக்கும்.

கார்ல்ஸ்ரூஹே சுற்றுலாக்காரர்கள் இறங்காத ஊர், எனக்கு இந்தப் பயணத்தின் இரண்டாவது முக்கிய நிறுத்தம். 1860 செப்டம்பரில் மூன்று நாள், நூற்றுக்கும் மேற்பட்ட வேதியியலாளர்கள் இங்கே கூடினார்கள். அணு என்றால் என்ன, மூலக்கூறு என்றால் என்ன, எந்த அணு எடையை எல்லோரும் ஏற்பது என்பதில் உடன்பாடே இல்லாத காலம். அசிட்டிக் அமிலத்துக்கு மட்டும் பத்தொன்பது வாய்பாடுகள் புழக்கத்தில் இருந்ததாகக் கெக்குலே அடுத்த ஆண்டு பட்டியல் போட்டார். மாநாடு எதையும் முடிவு செய்யாமல் கலைந்தது. கலையும்போது, அணு எடைகளைக் கணக்கிடும் வழியை விளக்கிய இத்தாலியர் கனிட்சாரோவின் சிறு பிரசுரத்தை எல்லோர் கையிலும் கொடுத்தனுப்பினார்கள். லோதர் மேயர் அதைப் படித்துத் தெளிந்தார். ஹைடல்பெர்க்கில் தங்கியிருந்த இருபத்தாறு வயது மெண்டலீவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். தனிம அட்டவணைக்கு வேண்டிய அணு எடைகள் அங்கிருந்து கிளம்பின. மாநாடு நடந்த மன்றக் கட்டடம் போரில் அழிந்து, இடத்தில் இன்று வேறு கட்டடம் நிற்கிறது, ஆக இங்கே பொருள் மிச்சம் இல்லை. என் விதிக்கே நான் விலக்குக் கொடுக்கிறேன், ஏனென்றால் மாநாட்டை நாமே நடத்திவிடலாம். ஆளுக்கொரு வேடம்: ஒருவர் டூமா, ஒருவர் கெக்குலே, ஒருவர் கனிட்சாரோ. தண்ணீருக்கு ஒரு ஹைட்ரஜனா இரண்டா என்று பதினைந்து பேரும் ஒரு பிற்பகல் சண்டை போடட்டும். 1860 வரை தெரிந்த தகவலை மட்டும் வைத்து வாதாட வேண்டும் என்று நிபந்தனை. சம கன அளவு வாயுக்களில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் இருக்கும் என்று அவகாட்ரோ சொன்னது சரி என்று நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரியும்.

அதே ஊரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில்தான் ஹேபர் 1909 ஜூலையில் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் உயர் அழுத்தத்தில் சேர்த்து அம்மோனியா சொட்டுவதை லுட்விக்ஸ்ஹாஃபனின் ரசாயன நிறுவனமான பிஏஎஸ்எஃப் ஆட்களுக்குக் காட்டினார். 1921ஆம் ஆண்டைச் சேர்ந்த எஃகு வினைக்கலம் ஒன்று அந்த வளாகத்தில் நிற்கிறது. மேசைமேல் இருந்த கருவியை ஆலையாக்கியவர் அந்த நிறுவனத்தின் போஷ். 1913இல் லுட்விக்ஸ்ஹாஃபனை ஒட்டிய ஓப்பாவில் ஆலை ஓடத் தொடங்கியது. உரம் வந்தது, உலகப் போர் தொடங்கியதும் வெடிமருந்துக்கும் அதே நைட்ரஜன். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டபோது ஹேபர் முன்னின்றார். பத்து நாளில் அவர் மனைவி, வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கிய கிளாரா இம்மர்வார், தற்கொலை செய்துகொண்டார். 1921 செப்டம்பர் 21 அன்று ஓப்பாவில் இறுகிப்போன உரக் குவியலை வழக்கம்போல வெடிவைத்து உடைக்கப் போய் 500 பேருக்கும் மேல் செத்தார்கள். 1933இல் யூதர் என்ற காரணத்தால் ஹேபர் நாட்டைவிட்டுப் போக நேர்ந்தது.

இந்தத் தொடரின் கடைசிக் கண்ணி ஃபிராங்க்பர்ட்டில். ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தின் தலைமையகம் இன்று கோதே பல்கலைக்கழகக் கட்டடம், மாணவர்கள் கையில் காபியோடு போய்வருகிறார்கள். நாஜி வதைமுகாமான ஆஷ்விட்ஸ் மோனோவிட்ஸில் அடிமை உழைப்பில் ரப்பர் ஆலை கட்டிய நிறுவனம் அது. வளாகத்திலேயே, அங்கே அடிமையாக உழைத்து உயிர்தப்பிய நோர்பர்ட் வோல்ஹைம் பெயரில் நினைவிடம் இருக்கிறது. வேதியியல் வரலாறு என்ற பெயரில் கண்டுபிடிப்புகளை மட்டும் காட்டி மாணவர்களைத் திருப்பி அனுப்புவது எனக்குச் சம்மதமில்லை. லண்டனில் இந்தப் பாடத்தைச் சொல்லலாம், காட்ட முடியாது. இந்த நாளுக்கு மாலையில் எந்த நிகழ்ச்சியும் வைக்காமல் விடுவது நல்லது.

லுட்விக்ஸ்ஹாஃபனுக்கு நம் பக்கத்துக் காரணமும் ஒன்று உண்டு. பிஏஎஸ்எஃப் 1897இல் செயற்கை இண்டிகோவை, அதாவது அவுரி நீலத்தை, சந்தைக்கு விட்டது. நாப்தலீனிலிருந்து தொடங்கும் அந்த வழியில் ஒரு படி சரியாக ஓடாமல் இருந்து, வெப்பமானி உடைந்து பாதரசம் கொட்டியபின் ஓடத் தொடங்கியதாகச் சொல்வார்கள், பாதரசம் வினையூக்கியாம். அந்த நீலம் வந்த பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் பீகாரிலும், சென்னை மாகாணத்தில் கடப்பை, தென்னாற்காடு பக்கமும் அவுரிச் சாகுபடி சரிந்தது. தொழிற்சாலை வாசலில் நிற்கும் ஒரு விழுப்புரம் மாணவிக்கு அது தன் ஊர் வயலின் கதை. ஆலைக்குள் குழுவாகப் போக முன்பே எழுதி அனுமதி கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால் எதிர்க்கரை மான்ஹைமில் உள்ள தொழில்நுட்ப அருங்காட்சியகம் கைகொடுக்கும்.

மியூனிக்கின் டாய்ச்சஸ் மியூசியத்தை ஏன் விட்டேன் என்று கேட்பார்கள். ஹான், மைட்னர், ஷ்ட்ராஸ்மன் அணுப்பிளவுக் கருவிகள் வைத்த மேசை அங்கே இருக்கிறது, நியாயமான கேள்விதான். ஆனால் போய்வருவதற்கே ஒரு நாள் போய்விடும். பாரிஸை விட்டால் மியூனிக்கைச் சேர்க்கலாம், இரண்டும் வேண்டும் என்றால் மூன்று வாரம் வேண்டும். லவாசியேவின் வாயுமானிக்கு முன்னால் ஹானின் மேசை என் கணக்கில் ஒரு படி கீழே.

தங்குவது எப்படி என்பதிலும் இரண்டு வழி. தினம் ஓர் ஊர், தினம் பெட்டி கட்டு என்று போனால் மாணவர்களுக்கு எதுவும் மனதில் தங்காது. கீஸனில் மூன்று இரவு, ஹைடல்பெர்க்கில் ஆறு இரவு, பாரிஸில் நான்கு இரவு என்று மூன்றே இடத்தில் தங்கிவிட வேண்டும். ஃபிராங்க்பர்ட்டைக் கீஸனிலிருந்து வரும் வழியில் முடித்துக்கொள்ளலாம். லுட்விக்ஸ்ஹாஃபன், கார்ல்ஸ்ரூஹே, பாட் டுர்க்ஹைம் மூன்றும் ஹைடல்பெர்க்கிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பும் தூரம். ஜெர்மனியின் உள்ளூர் ரயில், பேருந்து அத்தனைக்கும் செல்லும் மாதச் சீட்டு ஒன்று இருக்கிறது. 2023இல் 49 யூரோவில் தொடங்கி இப்போது விலை கூடியிருந்தாலும் லாபம்தான். அது சந்தா முறை, மாதத்தின் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் போய்விடும். அதிவேக ரயிலுக்கு அது செல்லாது. கார்ல்ஸ்ரூஹேவிலிருந்து பாரிஸுக்கு நேரடி அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரம், அதற்குத் தனியாக முன்பதிவு.

மதிப்பெண்ணுக்கு என்ன கேட்பது? நாட்குறிப்பு எழுதச் சொன்னால் சாப்பாட்டுப் பட்டியல் வரும். பயணம் முடிந்து ஆய்வுக்கட்டுரை கேட்டால் இணையத்திலிருந்து வரும். ஆளுக்கொரு பொருளைப் பயணத்துக்கு முன்பே ஒதுக்கிவிடுவதுதான் எனக்குப் பிடித்த முறை. காரக்குமிழ் ஒருவருக்கு, வாயுமானி ஒருவருக்கு, எஃகு வினைக்கலம் ஒருவருக்கு. அதன் எதிரே உட்கார்ந்து கையால் வரைய வேண்டும், எந்தப் பகுதி தேய்ந்திருக்கிறது, எது பின்னால் மாற்றியது போலத் தெரிகிறது, யார் செய்திருப்பார், செலவு யாருடையது என்று நான்கு பக்கம் எழுத வேண்டும். அன்று மற்ற பதினான்கு பேருக்கும் அவர்தான் வழிகாட்டி. மொழிச் சிக்கலையும் இது பாதி தீர்க்கும், பிரெஞ்சுக் குறிப்பை முன்கூட்டியே ஒருவர் மொழிபெயர்த்து வைத்திருப்பார்.

லண்டனே சரி என்று சொல்லக்கூடிய குழுக்களும் உண்டு. வேதியியல் படிக்காத, வரலாறோ ஆங்கிலமோ படிக்கும் மாணவர்கள் பாதிக்குமேல் இருந்தால் யோசிக்காமல் லண்டன். மூல ஆவணங்களைப் படிப்பதுதான் அவர்கள் வேலை, அதை ஜெர்மனில் செய்ய முடியாது. பத்து நாளுக்குள் முடிக்க வேண்டும் என்றாலும் லண்டன்தான், ஓர் ஊரில் தங்கி ஆக்ஸ்ஃபோர்டும் போவுட்டும் போய்வந்துவிடலாம். லண்டனையும் பாரிஸையும் சேர்த்துவிடலாமே என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு அது இரண்டு விசா, இரண்டு முறை கைரேகை, இரண்டு கட்டணம், பதினைந்து மாணவர்களில் ஒருவருக்கு ஒன்று கிடைத்து இன்னொன்று மறுக்கப்படும் அபாயமும் உண்டு. ரைன் கரையும் பாரிஸும் ஒரே ஷெங்கன் விசாவில் முடியும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும், இந்தத் திட்டத்தில் அது ஜெர்மனி. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம், கோடை விடுமுறைக் கூட்டத்துக்கு முன்னால் நேரம் வாங்கிவிட்டால் நல்லது. தேதி குறிக்கும்போது ஜெர்மன், பிரெஞ்சு விடுமுறைப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மே 1, மே 8, அப்புறம் ஈஸ்டரை ஒட்டி மாறும் வியாழன், திங்கள் விடுமுறைகள் என்று மே முதல் ஜூன் நடுப்பகுதி வரை ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும், அருங்காட்சியகம் அன்று மூடியிருக்கலாம். ஜூன் கடைசி இரண்டு வாரம் கல்லூரி ஒத்துக்கொண்டால் அதைவிட நல்ல நேரம் இல்லை.